மீட்டியோர் 350-ஆ, சூப்பர் மீட்டியோர் 650-ஆ? ஒரு திருவொற்றியூர்க் கணக்கு

அக்கா மகன் புது வண்ணாரப்பேட்டையில் இருக்கிறான். மணலியில் ஷிப்ட் வேலை. ஐந்து வருடமாக ஒரு 125 சீசி வண்டியை ஓட்டித் தேய்த்துவிட்டான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்டான்: "மாமா, ஆசைப்பட்டு ஒரே ஒரு வண்டிதான் வாங்கப் போறேன். அதைப் பெருசாவே வாங்கிடட்டுமா?"

அவன் மனதில் இருப்பது ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியோர் 650. நான் நான்கு வருடமாக ஓட்டுவது அதற்குத் தம்பி முறையான மீட்டியோர் 350. "வேண்டாம்டா" என்று உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரம்பூரில் ஒரு நண்பர் 650 வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு அவரும் நானும் இருபது நாள் வண்டி மாற்றி ஓட்டினோம். அந்த இருபது நாளில் அந்த வண்டி எனக்குக் கொடுத்த சந்தோஷமும் உண்மை, அது என் இடுப்பை வாங்கியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வட சென்னையில் இதே குழப்பத்தில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும்.

முதலில் வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. மீட்டியோர் 350 வந்தது 2020 நவம்பரில். 349 சீசி, ஒற்றை சிலிண்டர், 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர் டார்க் (இஞ்சினின் சுழற்று விசை), ஐந்து கியர், எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியோர் 650 விற்பனைக்கு வந்தது 2023 ஜனவரியில். 648 சீசி, இரட்டை சிலிண்டர், 46 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல், 52.3 நியூட்டன் மீட்டர், ஆறு கியர், எடை 241 கிலோ. இரண்டிலும் காற்றும் ஆயிலும்தான் இஞ்சினைக் குளிர்விக்கின்றன. இரண்டிலும் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் உண்டு. கால் முன்னால் நீண்டு, முதுகு நிமிர்ந்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஓட்டுகிற க்ரூஸர் வகை இரண்டும்.

காகிதத்தில் பார்த்தால் 650 இரட்டிப்பு வண்டி. சக்தி இரட்டிப்பு, டார்க் இரட்டிப்பு, விலையும் ஏறத்தாழ இரட்டிப்பு. எடை மட்டும் ஐம்பது கிலோதான் கூடுதல். "ஒரு அரிசி மூட்டைதானே மாமா" என்றான் அக்கா மகன். அந்த மூட்டையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

எங்கள் வீடு தெருமட்டத்துக்கு இரண்டரை அடி மேலே இருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து வட சென்னையில் புதிதாகக் கட்டுகிற எல்லோரும் இப்படித்தான் மேடு தூக்கிக் கட்டுகிறார்கள். வண்டி ஏற்ற ஒரு சிமென்ட் சரிவு போட்டிருக்கிறோம். தெருவே குறுகல் என்பதால் சரிவை நீளமாகப் போட முடியவில்லை, செங்குத்தாக நிற்கும். 350-ஐ இந்தச் சரிவில் ஏற்றுவது எனக்குப் பழகிப்போன வேலை. இஞ்சின் ஓட, முதல் கியரில், கிளட்சைப் பாதி விட்டுப் பக்கத்திலேயே நடந்தால் தானாக ஏறிவிடும்.

650 வந்த மூன்றாம் நாள் இரவு லேசான தூறல். அதே மாதிரி ஏற்றினேன். முன்சக்கரம் வாசலைத் தொட்டுவிட்டது. பின்சக்கரம் ஈரச் சிமென்டில் வழுக்கியது. வண்டி என் பக்கம் சாயத் தொடங்கியது. 191 கிலோ சாய்ந்தால் இடுப்பால் முட்டுக்கொடுத்துத் தாங்கலாம், பல தடவை தாங்கியிருக்கிறேன். 241 கிலோ ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் ஆளைக் கேட்பதில்லை. முன்பிரேக்கை அழுத்தியபடி அப்படியே நின்றேன். எதிர்வீட்டு அண்ணன் சத்தம் கேட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து மறுபக்கம் பிடித்தார். இருவருமாக மெல்லப் பின்னால் இறக்கினோம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வலது தோள் நான்கு நாள் வலித்தது. மீதி நாட்கள் முழுக்க வண்டி தெருவில்தான் நின்றது. காலையில் தண்ணீர் லாரி உள்ளே வரும்போதெல்லாம் ஓடிப்போய் நகர்த்த வேண்டும். அப்போதும் அதே எடைதான்.

வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் இந்த எடை காணாமல் போய்விடும், அதையும் சொல்ல வேண்டும். பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் 650 அவ்வளவு பாந்தமாக நிற்கும். இருக்கை உயரமும் 740 மில்லிமீட்டர்தான். 350-இன் இருக்கை 765. அதாவது பெரிய வண்டியில்தான் கால் நன்றாகத் தரையில் ஊன்றும். ஷோரூமில் ஏறி உட்கார்ந்த உடனே எல்லோரும் 650-இல் மயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பாதமும் பட்டையாகத் தரையில் பட, கனமே தெரியாது. ஆனால் ஷோரூம் தரை பளிங்கு மாதிரிச் சமம். நம் தெரு அப்படி இல்லை.

புது வண்ணாரப்பேட்டையில் அக்கா வீடு இருக்கிற சந்தில் ஒரு ஆட்டோ உள்ளே போனால் எதிரே சைக்கிள் வர முடியாது. அங்கே வண்டியைத் திருப்புவது என்றால் நாலைந்து தடவை முன்னும் பின்னும் போக வேண்டும். 350-இன் இரு சக்கரங்களுக்கு இடையே 1400 மில்லிமீட்டர், 650-க்கு 1500. அந்த பத்து சென்டிமீட்டரால் சந்து முனையில் இன்னும் இரண்டு தடவை கூடுதலாகப் பின்னுக்குத் தள்ள வேண்டிவரும். இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டு காலாலும் 241 கிலோவைப் பின்னுக்கு உந்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தொடை எப்படி நடுங்கும் என்று. ஷிப்ட் முடிந்து இரவு பத்தரை மணிக்கு வந்து அதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது வேகத்தடை. 350-க்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 170 மில்லிமீட்டர் இருக்கிறது. 650-க்கு 135. தெருக்காரர்களே சேர்ந்து போட்டுக்கொள்கிற வேகத்தடைகளுக்கு அளவெல்லாம் கிடையாது. நானும் என் மனைவியும் 650-இல் போனபோது அடிப்பாகம் உரசாத தெரு எங்கள் பக்கத்தில் குறைவு. குறுக்காகச் சாய்த்து ஏறி இறங்கினால் தப்பிக்கலாம், ஆனால் பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்.

இனி போக்குவரத்து. அக்கா மகன் தினமும் போகிற பாதையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் இருக்கிறது, சரக்கு ரயில் இருக்கிறது, அதைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள். எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி சாலையிலும் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற காட்சி வட சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. இங்கே பெரிய வண்டியின் சக்தியால் ஒரு பயனும் இல்லை. நகருக்குள் இருசக்கர வாகனத்துக்குப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் வைத்த வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். நம் சாலைகளில் அந்த ஐம்பதைத் தொடுவதே விடியற்காலையில்தான்.

இந்தப் பாதையில் முக்கியமாக வேண்டியது நினைத்த இடத்தில் நிற்பதும், நின்ற இடத்திலிருந்து விலகுவதும். ட்ரெய்லர் லாரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, வளைவை அறுத்துக்கொண்டு உள்ளே வரும். அந்த இடைவெளியில் மாட்டிய இருசக்கர வாகனங்களின் கதை எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒன்று இருக்கிறது. எந்த வண்டியாக இருந்தாலும் ட்ரெய்லரின் இடப்பக்கம் நுழையவே கூடாது என்பது நான் அக்கா மகனுக்கு அவன் 125 ஓட்டக் கற்றபோதே சொன்னது. ஆனால் சிக்னலில் நாம் ஒழுங்காக நிற்கும்போதே லாரி வந்து பக்கத்தில் ஒட்டி நின்றுவிடும். அப்போது இரண்டடி பின்வாங்க முடிகிற வண்டி வேண்டும். 350-இல் அது முடிகிறது. 650-இல் எனக்கு அந்த நம்பிக்கை வரவேயில்லை. பிரேக் விஷயத்தில் 650-ஐக் குறை சொல்ல முடியாது, முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க், நிறுத்துகிற விதம் அருமை. ஓடுகிற வண்டியை நிறுத்துவதில் அது கெட்டி. நின்ற வண்டியை நகர்த்துவதில்தான் சிக்கல்.

வெயில் காலத்தில் கேட் முன்னால் பத்து நிமிடம் நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு சிலிண்டரிலிருந்து எழும் சூடு, காற்று ஓட்டம் நின்றதும் நேராக இரண்டு முழங்காலுக்கும் உள்தொடைக்கும் வருகிறது. ஜீன்ஸ் துணியைத் தாண்டி உறைக்கும். இஞ்சினை அணைத்தாலும் உலோகத்தின் சூடு ஐந்தாறு நிமிடத்துக்குக் குறையாது. 350-உம் சுடும், ஆனால் அது வலது காலின் கீழ்ப்பகுதியில் சைலன்சர் பக்கம் மட்டும். சித்திரை மாதத்தில் இந்த வித்தியாசம் சின்னதில்லை.

இதுவரை படித்தவர்களுக்கு நான் 650-ஐ வெறுப்பவன் என்று தோன்றலாம். அப்படி இல்லவே இல்லை. அந்த வண்டிக்கு உரிய சாலையில் அதை ஓட்டிய காலை ஒன்றை நான் மறக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, நாலே முக்கால் மணி. மாதவரத்திலிருந்து செங்குன்றம் தாண்டி, காரனோடை பாலத்தில் ஏறும்போது கிழக்கே வெளுக்கத் தொடங்கியது. ஆறாவது கியர், மணிக்கு எண்பது. இஞ்சின் இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. காதைத் தீட்டிக் கேட்டால் கீழே ஒரு தாளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். 650-இன் இரண்டு பிஸ்டன்களும் 270 பாகை இடைவெளியில் சுழலும்படி கிராங்க் தண்டை அமைத்திருப்பதால், சத்தம் ஒரே சீராக இல்லாமல் தட்டித் தட்டி, உறுமி வருகிறது. கும்மிடிப்பூண்டி வரை முன்னால் ஒரு லாரி வரும், கை மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும், கியர் மாற்றாமலே லாரி பின்னால் போய்விடும். ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை. எண்பது கிலோமீட்டர் ஓட்டியும் கை மரத்துப்போகவில்லை, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தது. டீக்கடையில் இறங்கியபோது இன்னும் நூறு போகலாம் என்றிருந்தது.

அதே பாதையில் என் 350-ஐ எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். எண்பது, எண்பத்தைந்து வரை அதுவும் சொகுசுதான். பழைய புல்லட்டின் உதறல் இதில் கிடையாது, அதிர்வை அடக்கப் பேலன்ஸர் தண்டு வைத்த இஞ்சின் இது. தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் கால் வைக்கிற இடத்தில் ஒரு நமநமப்பு தொடங்கும். எதிர்க்காற்று அடித்தால், பின்னால் ஆளும் பையும் இருந்தால், லாரியை முந்த நான்காவது கியருக்கு இறங்கியே ஆக வேண்டும், முந்துவதற்குமுன் இரண்டு தடவை யோசித்தாக வேண்டும். ஒரே நாளில் முந்நூறு கிலோமீட்டர் என்றால் 350-இல் வீடு திரும்பும்போது உடம்பு சொல்லும். 650-இல் அவ்வளவு சொல்லாது. மாதத்தில் இரண்டு தடவை நெல்லூர், திருப்பதி என்று போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், மற்ற எல்லாக் கஷ்டத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. நான்குவழி நெடுஞ்சாலையிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 80 தான், 2018-இல் மத்திய அரசு அறிவித்தது அது. அந்த எண்பதுக்குள் இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம், நூற்றிருபதில் இருக்கிற அளவுக்குப் பெரிதில்லை. நூற்றிருபதில் போவதற்காக 650 வேண்டும் என்பவனுக்கு நான் வாங்கிக்கொடுக்க மாட்டேன், அது அக்கா மகனானாலும் சரி.

பழவேற்காடு பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. பொன்னேரி தாண்டியதும் சாலை சுருங்கிவிடும். ஆடு வரும், மீன் ஏற்றிய டிவிஎஸ் 50 வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். அங்கே அறுபதுக்கு மேல் போக மனசாட்சி இருக்கிறவர்களால் முடியாது. அந்தச் சாலையில் எனக்கு 350 தான் பிடித்திருந்தது. லேசாக வளைகிறது, நின்று நிதானமாக ஏரியைப் பார்க்க ஓரம் கட்டுவதும் சுலபம்.

பின்சீட்டைப் பற்றி என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். 650-இல் கால் வைக்கிற இடமும் அகலமும் பரவாயில்லை, ஆனால் பள்ளத்தில் விழும்போது முதுகுத்தண்டில் நேராக இடிக்கிறது என்றாள். அதற்குக் காரணம் இருக்கிறது. க்ரூஸரில் கால் முன்னால் இருப்பதால் குழி வரும்போது ஓட்டுகிறவர் எழுந்து நின்று அடியை வாங்க முடியாது. பின்னால் இருப்பவருக்கு அது இன்னும் முடியாது. 650-இன் பின்பக்க சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகிற தூரமே 101 மில்லிமீட்டர்தான். மெட்ரோ வந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரளவு சீரானாலும், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய உள்தெருக்கள் அப்படியேதான் இருக்கின்றன. இரண்டிலும் முதுகுச் சாய்மானத்தோடு வருகிற உயர்ரக மாடல் உண்டு. அம்மா, மனைவி என்று யாரையாவது அடிக்கடி கூட்டிப்போவதென்றால் அந்த மாடலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் தவறே இல்லை, அது எந்த வண்டியானாலும்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கேதான் 2025 செப்டம்பர் 22 ஒரு கோடு கிழித்தது. அன்றிலிருந்து 350 சீசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 350-க்கு மேல் போனால் 40 சதவீதம். முன்பு பெரிய வண்டிக்கு 28 சதவீதமும் 3 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 31 ஆக இருந்தது. மீட்டியோர் 349 சீசி என்பதால் கோட்டுக்கு ஒரு சீசி இந்தப் பக்கம் நிற்கிறது. அடக்க விலை ஒரு லட்சத்துக்கு ஒன்றில் 18,000 வரி, இன்னொன்றில் 40,000. முன்பே இருந்த விலை இடைவெளி இதனால் இன்னும் அகன்றுவிட்டது. ஷோரூம் விலை என்று பார்த்தால் 350 ஏறத்தாழ இரண்டு லட்சம், 650 ஏறத்தாழ நான்கு லட்சம்.

அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 12 சதவீதம், 2023 நவம்பரிலிருந்து. இரண்டு லட்சத்துக்கு 24,000, நான்கு லட்சத்துக்கு 48,000. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2022-இல் அறிவித்த கட்டணப்படி 150 முதல் 350 சீசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117. சொந்தச் சேதத்துக்கான பாலிசி இதற்கு மேலே தனி. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை கேட்கும்போது இவை ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நான் வாங்கியபோது ஒரு ஷோரூமில் நான் கேட்காத கிராஷ் கார்டு, சீட் கவர், பாலிஷ் எல்லாவற்றையும் "இதர செலவு" என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். பிரித்துக் கேட்டதும் ஒன்பதாயிரம் குறைந்தது.

பெட்ரோலில், என் கையில் ஊருக்குள் 350 லிட்டருக்கு முப்பத்திரண்டு கொடுக்கிறது, 650 இருபத்தொன்று கொடுத்தது. அக்கா மகன் தினம் போய்வர முப்பது கிலோமீட்டர், மாதம் இருபத்தாறு நாள் என்று வைத்தால் 780 கிலோமீட்டர். ஒன்றில் இருபத்துநான்கு லிட்டர், இன்னொன்றில் முப்பத்தேழு. சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்குச் சற்று மேல் விற்கிறபோது மாதம் ஆயிரத்து முந்நூறு கூடுதல். சர்வீஸிலும் அப்படித்தான். 650-க்கு ஆயில் அதிகம் பிடிக்கும், அதுவும் முழு சிந்தெடிக். பின்டயரும் விலை கூட. இவை தனித்தனியாகச் சின்னத் தொகைகள்தான், ஆனால் மாதத் தவணையோடு சேர்ந்து வரும்போது சம்பளத்தில் ஓர் ஓட்டை தெரியும்.

வட சென்னைக்கென்றே இரண்டு விஷயம் உண்டு. ஒன்று உப்புக்காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். க்ரூஸர் என்றாலே குரோமியம் பூச்சு. அதில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி வந்துவிட்டால் உள்ளே அரிப்பு ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு மசகு எண்ணெய் அடிப்பது என் வழக்கம். போர் தண்ணீரில் கழுவாதீர்கள், எங்கள் பக்கம் அதுவும் உப்பு. பளபளக்கிற பாகங்கள் குறைவாக, கறுப்புப் பூச்சு அதிகமாக இருக்கிற மாடல் எடுத்தால் பாதி வேலை குறையும். வெட்டவெளியில் நிறுத்தப்போகிறவர்கள் நான்கு லட்சம் வண்டியைக் கடற்காற்றில் விடுவதற்குமுன் யோசிக்க வேண்டும். மூடி வைத்தாலும் கவருக்குள் ஈரம் தங்கினால் துரு இன்னும் வேகமாக ஏறும்.

இன்னொன்று மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முழங்கால் தண்ணீரில் என் 350-ஐத் தனியாகவே தள்ளிக்கொண்டு போய் எர்ணாவூர் மேம்பாலத்தில் நிறுத்தினேன். மூச்சு வாங்கியது, ஆனால் முடிந்தது. அன்று என் கையில் 650 இருந்திருந்தால் இன்னும் ஓர் ஆள் கிடைக்கிறவரை அது தண்ணீரில்தான் நின்றிருக்கும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப்போகிற பழக்கம் நமக்கு உண்டு, அது வேறு. வீட்டு வாசலிலேயே தண்ணீர் ஏறுகிற தெருவில் இருப்பவர், வண்டியைத் தனியாகத் தள்ள முடியுமா என்பதை வாங்குவதற்குமுன் தீர்மானித்துவிட வேண்டும்.

இந்த இரண்டும் இல்லாமல் வேறு இல்லையா என்றால் இருக்கிறது. 2023-இல் வந்த ஹார்லி எக்ஸ்440 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, ஆனால் 350-ஐத் தாண்டிவிட்டதால் 40 சதவீத வரிக்குள் வந்துவிடும். கவாசாகி வல்கன் எஸ் விலையில் வேறு உலகம். கையில் பணம் குறைவு, க்ரூஸர் மட்டும் வேண்டும் என்றால் பஜாஜ் அவெஞ்சர் எடை குறைந்த, பதவிசான வண்டி. இவற்றை நான் அதிக நாள் வைத்து ஓட்டியதில்லை, அதனால் இதற்கு மேல் சொல்லப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் என்ஃபீல்டு மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார் என்பதும் என் கணக்கில் உண்டு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதும், அதன் தொழிற்சாலை எழும்பியதும் திருவொற்றியூரில்தானே. புல்லட் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற பெரியவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். ஆனால் 650-இன் இரட்டை சிலிண்டர் இஞ்சின் அவர்களுக்குப் பழக்கமானது இல்லை, அதற்கு சர்வீஸ் சென்டர்தான். 350-இன் ஒற்றை சிலிண்டரைப் பார்த்தால் அவர்கள் கை தயங்குவதில்லை.

ஆக, அக்கா மகனுக்கு நான் சொன்னது 350. சந்துக்குள் வீடு, வாசலில் மேடு, கேட்டில் காத்திருப்பு, லாரிகளுக்கு நடுவே தினசரி ஓட்டம். வருடத்துக்கு நான்கைந்து தடவைதான் வெளியூர். அவன் இப்போது ஓட்டுகிற வண்டியின் எடை 241 கிலோவில் பாதிகூட வராது. அங்கிருந்து ஒரே தாவலாக 650-க்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மிச்சமாகிற இரண்டு லட்சத்துக்கு மேலான பணத்தில் நல்ல ஹெல்மெட் இரண்டு, முழங்கால் காப்போடு ஒரு ரைடிங் பேண்ட், கையுறை எல்லாம் வாங்கினாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும்.

பெரம்பூர் நண்பரிடம் இதே கேள்வியைக் கேட்டால் நான் வேறு பதில் சொல்வேன். அவருக்கு அடுக்குமாடியில் கூரையோடு சமதரைப் பார்க்கிங். அலுவலகத்துக்கு ரயிலில் போகிறார். வண்டி வெளியே வருவது சனி, ஞாயிறு மட்டும், வந்தால் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அவருக்கு 350 வாங்கிக்கொடுத்தால் ஆறு மாதத்தில் விற்றுவிடுவார். அவர் செய்தது சரி.

அக்கா மகனுக்கு மனம் முழுசாகச் சமாதானமாகவில்லை. முகத்திலேயே தெரிந்தது. அதனால் நண்பரிடம் பேசி, அடுத்த ஞாயிறு 650-ஐ ஒரு நாளைக்கு வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை இரவே அவன் சந்துக்குள் கொண்டுபோய், இஞ்சினை அணைத்து, முனையில் அவனே தனியாகத் திருப்பி வாசலில் ஏற்ற வேண்டும், நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்வேன். விடியற்காலையில் இருவரும் தடா வரை கிளம்புகிறோம். போகும்போது அவன் 650, நான் 350. டீ குடித்துவிட்டு, வரும்போது மாற்றிக்கொள்வோம்.